உன் வயிற்றை அமுக்கிப் பார்த்தவள் எழுதுவது

மகனே,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். ஏதோ ஒரு ஊரில், காய்ச்சலுக்கோ வேறெதற்கோ ஒரு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருப்பாய். எதிரே இருக்கிற டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வீட்ல யாருக்காவது பெரிய பிரச்சினை எதுவும் இருந்துதா?" என்று கேட்பார். அப்போது "தெரியல சார்" என்று சொல்லிவிடாதே. இப்படிச் சொல்: என் அம்மாவுக்குக் கணையத்தின் இரண்டு குழாய்களும் பிறவியிலேயே ஒன்று சேரவில்லை. முப்பதாவது வயதில் அந்தக் கணையத்தின் வால் பக்கம் நீர்க்கட்டி வந்தது. வாலோடு வெட்டி எடுத்தார்கள், பக்கத்திலிருந்த மண்ணீரலையும் சேர்த்து. புற்று ஆகவில்லை. இந்த நான்கு விஷயத்தை எழுதி உன் ஃபைலில் வைக்கத்தான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் அது நான்கோடு நிற்கவில்லை. உனக்கு இன்றைக்கு ஏழு வயது, எனக்கு முப்பத்திரண்டு. இரண்டு வருஷம் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம். தாமதம்தான். நான் எல்லாவற்றிலும் தாமதம், அதுவும் இதிலேயே வரும். உறையை மூடி ஒட்டாமல் மற்றவர்களும் படிக்கும்படி இதை வெளியே கொடுக்கிறேன் என்றால், ஆஸ்பத்திரி வராண்டாவில் பிள்ளையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மாவுக்கும் இதில் ஏதாவது இருக்கலாம் என்றுதான்.

கணையம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் முப்பது வயது வரை தெரியாது. பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் அது என் வயிற்றிலும் இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பெங்களூரில் எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர்தான் ஸ்கேன் உறையின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார். கருவில் இருக்கும்போது கணையம் இரண்டு மொட்டாகத் தொடங்குமாம். அந்த இரண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், இரண்டின் குழாய்களும் ஒன்றாகும், செரிமான நீர் ஒரு பெரிய வாசல் வழியாகக் குடலில் இறங்கும். எனக்கு மொட்டுகள் ஒட்டிவிட்டன, குழாய்கள் மட்டும் சேரவில்லை. பெரும்பங்கு நீர் சின்ன வாசல் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. "இப்படிப் பொறந்தவங்க நிறையப் பேர் இருக்காங்க. முக்கால்வாசிப் பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. சில பேருக்கு மட்டும் தண்ணி தேங்கி வலி வரும்" என்றார். கட்டி வந்தது அதனால்தானா என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே ஆளுகிட்ட சேர்ந்து வர்றதைப் பாக்கறோம்மா. அதனாலதான் இதுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார். இதை அப்படியே எழுதுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. அன்றைக்கு எனக்கு மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: இது என் பிள்ளைக்கும் இருக்குமா?

வலி எனக்குக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போய் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குக் குத்திக்கொண்டு போகும். நிமிர முடியாது, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. என் அம்மா அதற்கு முந்தின வருஷமே இறந்துபோய்விட்டாள். என்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட சின்னம்மா பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குடி இப்படி இறா மாதிரி சுருண்டுக்கினு கெடக்கற? கொடலு ஏறிக்கிச்சு, வேற ஒண்ணியும் இல்ல" என்று அடுத்த தெருவில் குடல் தட்டிவிடுகிற அம்மாவிடம் கூட்டிப் போனாள். விளக்கெண்ணெய் தடவி அந்த அம்மா தொப்புளைச் சுற்றி வழித்து வழித்து மேலிருந்து கீழே தள்ளினாள். "நேரத்துக்குத் தின்னாதான? பஸ்ஸு புடிக்க ஓடுதுங்க, வெறும் வயித்தோட. கொடலு எங்கதான் போவும் பாவம், மேல ஏறிக்கிச்சு" என்று என் குடலுக்குப் பரிந்து பேசினாள். எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தேன், வலி போய்விட்டது. சாப்பிடாமல் கிடந்ததால் கணையம் ஆறியது என்று பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எல்லாரும் தட்டினதில் சரியாகிவிட்டது என்றார்கள். அதற்கப்புறம் நான் வலி வந்தால் வெளியே சொல்வதில்லை. சொன்னால் தட்டுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்து, சாப்பாடு வேண்டாம், விரதம் என்று சொல்லிவிடுவேன். வாரத்தில் எந்தக் கிழமைக்கும் ஒரு சாமி இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படி. வலித்தது ஒரு கஷ்டம். வலிக்கிறது என்று சொன்னால் நடப்பது அதைவிடப் பெரிய கஷ்டம். பத்தொன்பது வயதில் எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அதே கணக்கை ஆறு வயதில் இன்னொருத்தன் போடுவான் என்று மட்டும் தெரியவில்லை.

படிப்பு முடித்து, உலோகத்துக்குள் இருக்கும் குறையை எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கிற ஒரு கோர்ஸும் படித்து, ஓசூருக்கு வந்தேன். வேலைக்குச் சேரும்போது கொடுத்த மருத்துவப் படிவத்தில், ஏதாவது நோய் உண்டா என்ற வரிசை முழுவதும் இல்லை, இல்லை, இல்லை என்று டிக் அடித்தேன். என்னோடு வந்த ஒரு பெண் வலிப்பு உண்டு என்று உண்மையை எழுதினாள், அவளை எடுக்கவில்லை. என்னை எடுத்தார்கள். என் வேலை உனக்குத் தெரியும், ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறாய். வண்டிகளுக்குப் போகிற அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரே எடுத்துக் கொடுப்பார்கள். இருட்டறையில் விளக்குப் பெட்டிமேல் அந்த ஃபிலிமை வைத்து, உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். குமிழ் இல்லாத வார்ப்பே கிடையாது. எவ்வளவு பெரிசு, எந்த இடம் என்பதுதான் கேள்வி. அட்டவணை இருக்கும். அளவுக்குள் இருந்தால் போகலாம். மேலே இருந்தால் உருக்கிவிடுவார்கள். நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. நான் விட்டது திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொல்வார்.

உனக்கு இரண்டரை வயது இருக்கும்போது கம்பெனியில் எல்லாருக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். என் ரிப்போர்ட்டில் கணையத்தின் வால் பகுதியில் ஒரு சிறிய நீர்க்கட்டி என்று இருந்தது. விரிவான ஸ்கேன் ஒன்று எடுத்து, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும் என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அந்தப் படத்தை என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். வட்டமாக இருந்தது, ஓரம் வழவழவென்று இருந்தது, சின்னதாக இருந்தது, நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தது. எங்கள் அட்டவணைப்படி அது போகலாம். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே, "பாரு, எனக்கும் ஒரு குமிழ் இருக்குது. பாஸ்" என்றேன். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை உன் தடுப்பூசி அட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு வருஷம் நான் அதைத் தொடவில்லை. படித்தவள் செய்கிற முட்டாள்தனத்துக்கு ஒரு மிடுக்கு உண்டு, படிக்காதவர்களுக்கு அந்த வசதி கிடையாது. வார்ப்பில் இருக்கிற குமிழ் வளராது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை. உனக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் கிடையாது, ஆனால் இதைச் சொல்லலாம்: உன் வேலையில் நீ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், உன் உடம்புக்கு நீயே கையெழுத்துப் போடாதே.

அதற்குள் உன் அப்பா வேலை பார்த்த பிரிவை அவர் கம்பெனியில் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். நீயும் நானும் மட்டும் இங்கே, ஓனர் வீட்டை ஒட்டின இரண்டு அறையில். வலி மறுபடி வந்தது, இந்தத் தடவை விரதம் இருந்தும் போகவில்லை. ஓனர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில்தான் டாக்டரிடம் போனேன். அவர் பெங்களூருக்கு அனுப்பினார். பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்போது போர்டெல்லாம் கன்னடத்துக்கு மாறும், தினமும் எத்தனையோ பேர் வேலைக்குப் போய் வருகிற பாதை. எனக்கு மட்டும் அன்றைக்கு அது வேறு நாடாக இருந்தது. அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து எடுக்கிற ஸ்கேனுக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். அந்த வரிசையில் இருந்த எல்லாரோடும் யாராவது இருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், "கூட யாரும் வரலையாம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். "வந்திருக்காங்க, டீ குடிக்கப் போயிருக்காங்க" என்றேன். யாரோ ஒருவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார் என்று நானே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டி இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. உள்சுவரில் சின்ன மேடு ஒன்று தெரிந்தது. அந்த மேடுதான் டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. காத்திருக்க வேண்டாம் என்றார்கள்.

மண்ணீரல் போனால் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே தடுப்பூசி, அப்பாவுக்கு லீவு, உனக்கு ஓனர் அம்மா என்று எல்லாம் ஏற்பாடாயிற்று. உன்னிடம் மட்டும், "அம்மா பெங்களூர்ல டிரெய்னிங் போறேன் சாமி" என்றேன். எங்கள் கம்பெனியில் டிரெய்னிங்குக்கு அனுப்புவது வழக்கம், அதனால் வாயில் அது சுலபமாக வந்துவிட்டது. நீ "சரி, பலூன் வாங்கினு வா" என்றாய். பதினைந்து நாள் கழித்து வந்தேன். பலூன் மறந்துபோயிருந்தது. அப்பா கூட இருந்து என்னைக் குளிப்பாட்டிவிடும்போது நீ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து இறங்குகிற அந்தத் தையலைப் பார்த்தாய். "டிரெய்னிங்ல வெட்டுவாங்களா?" என்று கேட்டாய். அப்பா சிரித்துவிட்டார், நானும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கே உன்னை உட்கார வைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. வலித்தது, தூக்கம் வந்தது, பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

வெட்டி எடுத்ததைச் சோதித்து, அது குழாயின் கிளையிலிருந்து வந்த கட்டி, புற்றாக மாறுகிற பாதையில் ஆரம்பக் கட்டத்திலேயே இருந்தது என்றார்கள். மீதி இருக்கிற கணையத்திலும் வரலாம் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை போய்விட்டேன், ஒன்றும் இல்லை. என் கதை இவ்வளவுதான், நல்லபடியாகவே முடிந்தது. நான் எழுதவந்தது அதற்கப்புறம் நடந்தது.

உன்னைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "அவனுக்கு இருக்கணும்னு இல்லைம்மா. இருந்தாலும் ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வலி வந்தா சொல்லட்டும், பாத்துக்கலாம். வராத வரைக்கும் பையனை விட்ருங்க" என்றார். நான் அதில் "வலி வந்தா" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ எழுந்ததும் சட்டையைத் தூக்கி, நாலு விரலை உன் நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்து அமுக்கி, "வலிக்குதா?" என்பேன். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியதும் இன்னொரு தடவை. சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை. நீ ஒரு இட்லி குறைத்தால் எனக்கு வியர்க்கும். ஒரு நாள் நீ தரையில் குனிந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். குனிந்து உட்கார்ந்திருக்கிறாய் என்பதற்காக உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். மூன்று வேறு சென்டரில் மூன்று தடவை, ஒரு தடவை ரத்தமும். அந்த ஜெல்லின் குளிர்ச்சியில் நீ துள்ளுவாய். மூன்றாவது இடத்தில் இருந்த கன்னடக்கார டாக்டர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "மகு சென்னாகிதானம்மா" என்றார். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான். பிறகு தமிழில், "உங்களுக்குத்தான் ஏதோ இருக்கு, அது இதுல தெரியாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. போனில் அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பா கோவில்பட்டிக்காரர் இல்லையா, அவர் பாணியில், "ஏம்மா, பிள்ளைய அப்படிப் பாக்காத. நீ பாக்குத பார்வைக்கு எனக்கே புனேல வயிறு வலிக்கு" என்றார். "நீங்க பக்கத்துல இருந்தா நான் ஏன் இப்படிப் பாக்கறேன்?" என்று கேட்டேன். "சாப்ட்டியா?" என்று கேட்டார். எங்களுக்குள் வேறெதுவும் சொல்ல முடியாதபோது அதைத்தான் கேட்டுக்கொள்வோம்.

நீ மாறியதை நான் நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கு முன்பே "வலிக்கல" என்று சொல்ல ஆரம்பித்தாய். வேனிலிருந்து இறங்கும்போதே, செருப்பைக் கழற்றும்போதே, "வலிக்கல மா". சட்டையை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்வாய். நானும் அன்றைய கணக்கை முடித்த மாதிரி மூச்சு விடுவேன். போன மழைக்காலத்தில் ஒரு காலை உன் தலையணை உறை ஈரமாக இருந்தது. எச்சில் என்று நினைத்துத் தொட்டேன், மஞ்சளாகப் பிசுபிசுத்தது, நடுவில் ஒரு பொட்டு ரத்தம். இடது காதிலிருந்து வழிந்து கழுத்து வரை காய்ந்திருந்தது. நீ விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "வலிக்கல மா."

காது டாக்டர் நம் தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் இருப்பவர், வயதானவர். கருவியை வைத்துப் பார்த்து, "சவ்வு கிழிஞ்சிருக்கு. எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். "அம்மாவைப் பாக்காத ராஜா, என்னைப் பாத்துச் சொல்லு." "நாலு நாளா" என்றாய். நாலு நாள். அந்த நாலு நாளில் நான் உன் வயிற்றை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன். "ஏன்டா சொல்லல?" என்றார். நீ குரலைத் தாழ்த்தி, "சொன்னா வயித்துல ஜெல்லு போடுவாங்க" என்றாய். அவர் பெரிதாகச் சிரித்துவிட்டார். "காதுக்கா?" என்று கேட்டார். "எதுக்குன்னாலும்" என்றாய். அவர் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் உன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சவ்வில் ஒரு சின்ன ஓட்டை இன்னும் ஆறவில்லை. இடது காதில் கொஞ்சம் மந்தம் இருக்கிறது, பெரியவனானதும் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஒகேனக்கல் அருவியில் மற்ற பிள்ளைகள் மாதிரி நீ தலையைக் கொடுத்துக் குளிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். உன் கணையத்தில் ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் "வலி வந்தா சொல்லட்டும்" என்றாரே, உன்னைக் காப்பாற்ற இருந்தது அந்த ஒரு வழிதான், நீ சொல்வது. அதை நான் என் நாலு விரலாலேயே அடைத்துவிட்டேன். இதற்கு மன்னிப்பு என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாகத் தெரிகிறது. எழுதாமல் விட்டால் தப்பாகத் தெரிகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்: மன்னித்துக்கொள்.

அன்றிலிருந்து நான் கேட்பதை நிறுத்தினேன். சுலபமாக நிறுத்தவில்லை. கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொள்வேன். நீ என்னைத் தாண்டிப் போகும்போது பாத்திரத்தைத் தேய்ப்பேன், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன். உன்னை உட்கார வைத்து, டிரெய்னிங் பொய் என்றும், எனக்கு என்ன நடந்தது என்றும் சொன்னேன். இனி ஸ்கேன் கிடையாது, ஜெல் கிடையாது, டாக்டர் சொன்னால் தவிர என்றேன். நீ "சரி" என்றாய். பெரிய மனிதர்கள் கடன்காரனிடம் சொல்கிற சரி அது. நம்பவில்லை. என்னைக் கட்டிக்கொள்வாய், சோறு கேட்பாய், ஹோம்வொர்க் காட்டுவாய். உன் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நீ கீழே விழுந்தாய் என்பது எனக்குக் கால்சட்டையின் கறையில்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் ஓனர் அம்மாவிடம் நீ பேசுவது கேட்டது. அவர்கள் வீட்டுத் தெலுங்கை நீ எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டாய், எனக்கு அது பாதிகூடப் புரியாது. "பெத்தம்மா, மோகாலு நொப்பி" என்றாய். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எனக்குத் தெரியும். வலி. அவர்கள் "அய்யோ நா தண்டிரி" என்று கொஞ்சி ஊதிவிடுகிற சத்தம் கேட்டது; முழங்கால் என்று பிறகு கால்சட்டைக் கறையில்தான் தெரிந்தது. நீ சிரித்தாய். என் பிள்ளை வலிக்கிறது என்று சொல்ல, அம்மாவுக்குத் தெரியாத ஒரு பாஷையைத் தேடிக்கொண்டான். நான் துவைத்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் தனியாக உட்கார்ந்திருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அங்கேயாவது யாரோ டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஓனர் அம்மாமேல் எனக்குப் பொறாமை வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன், "அவன் உங்ககிட்ட மட்டும் எல்லாம் சொல்றானே" என்று. அவர்கள் துடைப்பத்தைச் சுவரில் தட்டிக்கொண்டே, "நான் என்னா பண்ணிட்டேன் அவனை? ஊதறேன், போடான்றேன். நீ ஊதவும் மாட்டற, போவும் விட மாட்டற" என்றார்கள். துடைப்பத்தால் ஒன்று போட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. நீ பெரியவனாகி உனக்கு ஒரு பெண்ணோ பிள்ளையோ வந்து, அது உன்னிடம் வந்து இங்கே வலிக்கிறது என்று சொன்னால், முதல் காரியமாக ஊது. டாக்டருக்குப் போன் பண்ண வேண்டியிருந்தாலும் ஊதிவிட்டுப் பண்ணு. அது அவ்வளவு நேரம் பிடிக்காது.

இப்படியே நாலைந்து மாதம் போயிற்று. போன வியாழக்கிழமை வேன் வராததால் உன்னை ஸ்கூட்டியில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். ஷிப்ட் விடுகிற நேரம், கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் ரோடு முழுக்க. நீ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாய். பாலத்தின் மேலே ஏறும்போது என் முதுகில் உன் வாய் அசைந்தது. "மா" என்றாய். "ம்" என்றேன். "பல்லு வலிக்குது."

என் இரண்டு கையும் ஹேண்டிலில். பின்னால் லாரி, இடது பக்கம் பஸ். நிறுத்த முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது, உன் முகத்தைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் நீ அந்த இடத்தில் சொன்னாயோ என்னவோ. எந்தப் பல், எத்தனை நாளாக, வீக்கம் இருக்கிறதா, சாப்பிட முடிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. ஒரு லாரி கடந்து போகும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"நான் என்ன பண்ணட்டும் சாமி?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணாத. ஆடுது, அதான். சும்மா சொன்னேன்" என்றாய்.

"சரி" என்றேன். காற்றில் உனக்குக் கேட்டிருக்காது என்று தோன்றி, வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை, "சரி சாமி, சொன்னியே" என்றேன். நீ உன் தலையை என் முதுகில் சாய்த்துக்கொண்டாய். பாலம் முடிந்து, சிக்னல் விழுந்து, வண்டி நின்றது. இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தது. நான் திரும்பவில்லை.

அம்மா